மண் காத்த வண்ணங்கள்

கிரேக்கம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கண்முன் வருவது வெள்ளை நிறம்தான். வெள்ளைப் பளிங்குத் தூண்கள், வெள்ளைச் சிலைகள், நீலக்கடலைப் பார்த்தபடி நிற்கும் சண்டோரினித் தீவின் வெள்ளை வீடுகள். சுற்றுலா விளம்பரங்களும் அதையே காட்டுகின்றன. ஆனால் பழங்காலக் கிரேக்கர்கள் வண்ணப் பிரியர்கள். கோயில்களுக்குச் சிவப்பும் நீலமும் பூசினார்கள். சிலைகளுக்குக் கண், உதடு, தலைமுடி, ஆடைக்கரை எல்லாவற்றிலும் நிறம் தீட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அதைக் கழுவிவிட்டன. மிஞ்சிய வெள்ளையைத்தான் நாம் கிரேக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஓவியங்களின் கதி இன்னும் மோசம். ஸியூக்ஸிஸ் என்பவர் வரைந்த திராட்சைக் குலையைக் கொத்துவதற்குப் பறவைகள் பறந்து வந்தன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அப்பெலிஸ் என்ற இன்னொருவருக்கு மட்டுமே தம் உருவத்தை வரைய அலெக்சாண்டர் அனுமதி கொடுத்தாராம். பெயர்கள் இருக்கின்றன, கதைகள் இருக்கின்றன. படங்கள்தான் இல்லை. மரப்பலகையில் வரைந்தவை மக்கின; எரிந்தன; போரில் காணாமல் போயின. ஸியூக்ஸிஸ், அப்பெலிஸ் இருவரின் கையால் ஆன ஓர் ஓவியம்கூட இன்று உலகில் இல்லை.

ஊரே பார்க்கட்டும் என்று வரைந்தவை அழிந்துவிட்டன. ஒருவரும் பார்க்கத் தேவையில்லை என்று மண்ணைப் போட்டு மூடியவை பிழைத்துக்கொண்டன. அதனால் பழங்காலக் கிரேக்கரின் ஓவியத்திறனைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று நாம் போக வேண்டிய இடம் அவர்களுடைய கல்லறைகள். அவற்றில் முக்கியமானவை இருக்கும் ஊர், வட கிரேக்கத்தில் உள்ள வெர்கினா.

பீச் தோட்டங்களைத் தாண்டி

வெர்கினாவை உள்ளூர்க்காரர்கள் ‘வெர்யீனா’ என்று சொல்கிறார்கள். கிரேக்கத்தின் இரண்டாவது பெரிய நகரமான தெசலோனிக்கியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். மார்ச் மாதக் கடைசியில் அம்மாவும் நானும் வாடகைக் காரில் போனோம். வழியெல்லாம் சமவெளி. வெரியா நகரை நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் பீச் மரங்கள் இலையே இல்லாமல் இளஞ்சிவப்புப் பூவாக நின்றன. அலியாக்மோன் ஆற்றைக் கடந்தால் பியெரிய மலையடிவாரத்தில் ஊர் வந்துவிடுகிறது.

ஊரைப் பார்த்தால் இது ஒரு பேரரசு கிளம்பிய இடம் என்று சொல்ல முடியாது. ஓட்டு வீடுகள், சில உணவகங்கள், நினைவுப்பொருள் கடைகள். இன்றைய வெர்கினா 1920களில் உருவான கிராமம். துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே மக்கள் இடம் மாற்றப்பட்ட காலத்தில் அகதிகளாக வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள்.

அதற்கு அடியில் இருப்பது ஐகாய். மாசிடோனிய அரசின் முதல் தலைநகரம். பிற்பாடு தலைநகரம் பெல்லாவுக்கு மாறியது. ஆனால் அரசர்கள் இறந்தால் ஐகாய்க்குக் கொண்டுவந்து புதைக்கும் வழக்கம் மாறவில்லை. கி.மு. 336இல் அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப் இந்த ஊர் அரங்கில்தான் தம் மகளின் திருமண விழா நேரத்தில் மெய்க்காவலன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். இருபது வயது அலெக்சாண்டர் அரசரானார். உலகையே வெல்லப் புறப்பட்ட பயணம் இந்த மலையடிவாரத்தில்தான் தொடங்கியது.

ஊர் நடுவே புல் முளைத்த ஒரு பெரிய மண்மேடு. 110 மீட்டர் விட்டம், 12 மீட்டர் உயரம் கொண்ட பழைய மேட்டைப்போலவே திரும்ப அமைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் அந்த மேட்டுக்கு உள்ளே இருக்கிறது.

நாற்பது ஆண்டுக் காத்திருப்பு

இந்த மேட்டைத் திறந்தவர் மனோலிஸ் அந்த்ரோனிக்கோஸ். 1937இல் மாணவராக வெர்கினா அகழாய்வில் சேர்ந்தார். 1952இல் பெரிய மேட்டில் தோண்டத் தொடங்கினார். அரசர்களின் கல்லறைகள் அகப்பட்டது 1977இல். ஒரே ஊரோடு நாற்பது ஆண்டுகள்.

மேட்டு மண்ணில் அவருக்கு முதலில் கிடைத்தவை உடைந்த கல்லறைக் கற்கள். கி.மு. 274இல் பிர்ரஸ் என்ற அரசர் ஐகாயைக் கைப்பற்றிக் காவலுக்கு விட்டுப்போன கூலிப்படை வீரர்கள், அரச கல்லறைகளைக் கொள்ளையடித்து எலும்புகளைச் சிதறடித்தார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்த அழிவுக்குப் பிறகு மிச்சமிருந்ததைக் காப்பாற்றவே இந்தப் பெரிய மேடு எழுப்பப்பட்டது என்பது அந்த்ரோனிக்கோஸின் கருத்து. உடைந்த கற்களையும் அந்த மண்ணோடு மண்ணாகப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அந்தக் கற்கள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை சாதாரணக் குடிமக்களின் கற்கள். பெயரும் தந்தை பெயரும் செதுக்கி, கீழே இறந்தவரின் உருவத்தை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். ஓர் உடையின் மடிப்பு, ஒரு கை, ஒரு முகத்தின் பாதி என்று அங்கங்கே நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசர்கள் மட்டும் வண்ணத்தோடு போகவில்லை என்பதை இந்தக் கற்கள் சொல்கின்றன. பலர் தங்கத்தைப் பார்க்கும் அவசரத்தில் இவற்றைக் கடந்துவிடுகிறார்கள்.

உள்ளே நல்ல இருட்டு. விளக்குகள் பொருள்கள்மீது மட்டும் விழுகின்றன. வெளியில் குழந்தைகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த குடும்பங்கள்கூடச் சில அடிகளில் தாமாகக் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன.

கதவில்லாத அறை

மேட்டுக்குள் முதலில் சொல்ல வேண்டியது ஒரு சிறிய கல்லறையை. ஆய்வாளர்கள் முதலாம் கல்லறை என்கிறார்கள். பெர்செபொனி கல்லறை என்ற பெயரும் உண்டு. சுமார் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். ஒரு சின்னப் படுக்கையறையைவிடச் சிறியது. கதவு இல்லை. மண்ணில் குழி வெட்டிக் கற்சுவர் எழுப்பி, சுவரில் சாந்து பூசி ஓவியம் தீட்டி, இறந்தவரை உள்ளே வைத்து, மேலே கற்பலகைகளால் மூடிவிட்டார்கள். திரும்ப வருவதற்கு வழியே வைக்கவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி.

கொள்ளையர் முன்னமே வந்து எல்லாப் பொருள்களையும் எடுத்துப் போயிருந்தார்கள். சுவரை எடுத்துப் போக முடியவில்லை.

சுவரின் கீழ்ப்பாதி அடர்சிவப்பு. அதற்கு மேலே பூக்களும் சிறகுள்ள கிரிஃபின் மிருகங்களும் வரைந்த ஒரு பட்டை. அதற்கும் மேலே, வடக்குச் சுவரில், உலக ஓவிய வரலாற்றில் இடம்பிடித்துவிட்ட காட்சி: பாதாள உலகின் அரசன் ஹேடிஸ், பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செபொனியைத் தூக்கிக்கொண்டு தேரில் பாய்கிறான். தேர்ச் சக்கரம் சிவப்பு. ஒரு கையில் செங்கோலும் கடிவாளமும், இன்னொரு கை அவளை வளைத்திருக்கிறது. அவள் உடல் பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளும் உலகத்தை நோக்கி நீண்டிருக்கின்றன. கூந்தல் காற்றில் பறக்கிறது. தரையில் ஒரு தோழி மண்டியிட்டுப் பயந்து பார்க்கிறாள். குதிரைகளுக்கு முன்னால் வழிகாட்டி ஹெர்மிஸ் ஓடுகிறான். பறித்த பூக்கள் சிதறிக் கிடக்கின்றன.

இதை வரைந்தவருக்கு அவகாசம் கிடையாது. ஈரச் சாந்தில் வரைய வேண்டும். காய்வதற்குள் முடிக்க வேண்டும். கூர்மையான கருவியால் சாந்தில் கீறிய முதல் கோடுகள் இன்னும் தெரிகின்றன. கையை எங்கே வைப்பது என்று அவர் மாற்றி மாற்றிப் பார்த்த தடயமும் அந்தக் கோடுகளில் இருக்கிறது. பிறகு தூரிகையை வேகமாக ஓட்டியிருக்கிறார். நிகோமாகோஸ் என்ற ஓவியர் மிக வேகமாக வரையக்கூடியவர், பெர்செபொனி கடத்தப்படும் காட்சியை வரைந்தவர் என்று பிளினி குறிப்பிடுகிறார். அவரே இதை வரைந்திருக்கலாம் என்று அந்த்ரோனிக்கோஸ் கருதினார்.

மூல ஓவியத்தை நீங்கள் நேரில் பார்க்க முடியாது. கல்லறை மூடியிருக்கிறது. மூச்சுக்காற்றும் ஈரமும் வெளிச்சமும் ஓவியத்தைக் கெடுத்துவிடும். பார்வையாளர்களுக்கு அதன் பிரதிதான் காட்டப்படுகிறது. இவ்வளவு தூரம் வந்தும் நகலா என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது. சற்று நேரத்தில் அந்த ஏமாற்றம் போய்விட்டது. அதற்குக் காரணம் அம்மா.

அந்தப் பிரதியின் முன் அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு நெடுநேரம் நின்றார். பிறகு கேட்டார்: “இந்தப் புள்ளையோட அம்மா எங்க?”

கிரேக்கப் புராணம் எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏனென்றால் ஓவியரும் அதை யோசித்திருக்கிறார். கிழக்குச் சுவரில் ஒரு பெண் தனியாகப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். மேலாடை உடலையும் தலையையும் மூடியிருக்கிறது. அவள்தான் டெமிட்டர், பெர்செபொனியின் தாய், விளைச்சலின் தெய்வம். மகளைத் தேடி ஒன்பது நாள் அலைந்து களைத்து அவள் உட்கார்ந்த பாறைக்கு ‘சிரிப்பில்லாத பாறை’ என்று பெயர். பக்கத்துச் சுவரில் குதிரைகள் பாய்கின்றன, சக்கரம் சுழல்கிறது, சேலை பறக்கிறது. இந்தச் சுவரில் ஓர் அசைவும் இல்லை.

“பக்கத்துச் சுவருல இருக்காங்கம்மா” என்று காட்டினேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அம்மா அன்றும் எதுவும் பேசவில்லை. டெமிட்டரைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார், அவ்வளவுதான்.

கதையின் மிச்சத்தைச் சொன்னேன். தாயின் துக்கத்தில் பயிர்கள் முளைக்கவில்லை. மனிதர்கள் பட்டினி கிடந்தார்கள். கடைசியில் தேவர்கள் இறங்கி வந்தார்கள். மகள் திரும்பி வரலாம். ஆனால் பாதாளத்தில் மாதுளை விதையை உண்டுவிட்டதால் ஆண்டின் ஒரு பகுதியை அங்கே கழித்தாக வேண்டும். அவள் மேலே வரும்போது வசந்தம். வரும் வழியில் பார்த்த பீச் பூக்கள் இரண்டு பேர் நினைவுக்கும் வந்தன. கல்லறைக்கு இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் புரிந்தது. கொடுமையான கதைதான். ஆனால் போனவள் ஒரேயடியாகப் போய்விடவில்லை.

தங்கமும் வேட்டையும்

சின்னக் கல்லறைக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாம் கல்லறை. கொள்ளையர் கைபடாதது. 1977 நவம்பர் 8ஆம் தேதி அந்த்ரோனிக்கோஸ் அதன் வளைகூரையின் கல் ஒன்றை நீக்கி உள்ளே இறங்கினார். தங்கப்பேழை, அதன் மூடியில் பதினாறு கதிர் கொண்ட நட்சத்திரம், பேழைக்குள் எரியூட்டப்பட்ட எலும்புகள். 313 இலைகளும் 68 காய்களும் கொண்ட தங்க ஓக் கிரீடம். முன்னறையில் இன்னொரு தங்கப்பேழை. அதில் ஒரு பெண்ணின் எலும்புகள், தங்க இழையும் கருஞ்சிவப்பும் சேர்த்து நெய்த துணியில் சுற்றப்பட்டு. இவை எல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூட்டம் முழுவதும் இங்கேதான் நிற்கிறது.

கல்லறையின் முகப்பைப் பார்க்கப் படிகளில் இறங்க வேண்டும். பளிங்குக் கதவுகள் மூடியபடி இருக்கின்றன. மேலே நீலம் பூசிய கட்டங்கள். அதற்கும் மேலே 5.56 மீட்டர் நீளத்துக்கு ஒரு வேட்டைக் காட்சி. பத்து வேட்டைக்காரர்கள், மூவர் குதிரைமேல், எழுவர் தரையில். மான், காட்டுப்பன்றி, சிங்கம், கரடி என ஒவ்வொரு விலங்கையும் வேட்டை நாய்களோடு சுற்றி வளைத்திருக்கிறார்கள். சில மரங்கள் இலையுதிர்ந்து நிற்கின்றன. பின்னால் மலை மங்கலாகத் தெரிகிறது. தூரம், வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் ஒரு சுவரில் கொண்டுவரும் வித்தை கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கைகூடியிருந்தது என்பதற்கு இது சாட்சி. நடுவில் குதிரைமேல் வரும் இளைஞன் அலெக்சாண்டர், சிங்கத்தைக் குத்தப் பாயும் தாடிக்காரர் பிலிப் என்று பலர் கருதுகிறார்கள்.

ஓவியம் மங்கிவிட்டது. நின்று நிதானமாகப் பார்த்தால்தான் உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அவசரப்பட வேண்டாம்.

இங்கே ஒரு விந்தை உண்டு. உள்ளே, இறந்தவர் இருந்த அறையில், சுவருக்கு முதல் பூச்சு மட்டும்தான் இருக்கிறது. மேல்பூச்சுக்கு நேரமில்லாமல் அவசரத்தில் முடித்ததுபோல் தெரிகிறது. அரசர் திடீரென இறந்திருந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் அந்த அவசரத்திலும் முகப்பு ஓவியத்தில் குறை வைக்கவில்லை. அந்த முகப்பும் மண்ணால் மூடப்படத்தான் வரையப்பட்டது. சடங்குக்கு வந்தவர்கள் பார்த்தார்கள்; பிறகு மண் விழுந்தது. அடுத்த கண்கள் அதைப் பார்க்க இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆயின.

உள்ளே இருந்தவர் யார்?

இரண்டாம் கல்லறையில் இருந்தவர் இரண்டாம் பிலிப் என்று அந்த்ரோனிக்கோஸ் அறிவித்தார். இல்லை, அலெக்சாண்டரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் மூன்றாம் பிலிப் என்று வேறு சிலர் வாதிட்டார்கள். 2015இல் ஓர் ஆய்வுக் குழு, சின்னக் கல்லறையில் கிடைத்த காலெலும்பில் முட்டிக் காயம் இருப்பதைக் காட்டி, பிலிப் அங்கேதான் இருந்தார் என்றது. அதன் பிறகு நடந்த கதிரியக்கக் கார்பன் ஆய்வு, சின்னக் கல்லறையின் ஆண் கி.மு. 388க்கும் 356க்கும் இடையில் இறந்தவர், எனவே அவர் பிலிப்பாக இருக்க முடியாது என்கிறது. அவரோடு இருந்தது ஓர் இளம்பெண். அருங்காட்சியகம் அந்த்ரோனிக்கோஸின் முடிவையே ஏற்றிருக்கிறது.

அரசர் யார் என்ற வாதத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி. சின்னக் கல்லறையில் பச்சிளங் குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. ஆரம்பத்தில் அவை அரச குடும்பத்தினவை என்று எண்ணினார்கள். ஆனால் அவை சில நூற்றாண்டுகள் பிற்பட்டவை, ரோமானியர் காலத்தவை. கொள்ளையர் திறந்துவிட்டுப் போன கல்லறைக்குள் யாரோ தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அரசரும் தெரியாது, தங்கமும் மிஞ்சவில்லை. அங்கே மிஞ்சியிருந்தது சுவர் மட்டும்தான். அந்தச் சுவரில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள்.

எதற்காக வரைந்தார்கள்?

வெளியே வந்து, ஊரில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தபோது அம்மா கேட்டார்: “யாரும் பார்க்கப் போறதில்லன்னா எதுக்கு இவ்ளோ அழகா வரையணும்?”

எனக்கு அது தொழில்முறைக் கேள்வியாகவும் பட்டது. வானொலியில் பேசுவது என் வேலை. பேசிய நொடியே காற்றோடு போய்விடும். ஆனாலும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒலிவாங்கி முன் உட்காருகிறோம். நேயர் ஒருவர்கூட இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு அக்கறையோடு பேசுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஓவியருக்குத் தெரிந்திருந்தது. கற்பலகை மூடப் போகிறது என்று தெரிந்தேதான் கை வைக்கும் இடத்தை மாற்றி மாற்றிக் கீறிப் பார்த்திருக்கிறார்.

இது மாசிடோனியர்களின் வழக்கம் மட்டும் அல்ல. அதற்கு நூறு ஆண்டுக்கும் முன்பே, தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய நகரம் ஒன்றில் இதைக் காணலாம். இன்று பெஸ்தும் என்று அழைக்கப்படும் அந்த ஊருக்கு அருகில் 1968இல் ஒரு கல்லறை கிடைத்தது. ஐந்து கற்பலகைகள். நான்கு பக்கச் சுவர்களில் விருந்துண்ணும் ஆண்கள். ஒருவர் குழல் வாசிக்கிறார். மூடியின் அடிப்பக்கத்தில் ஓர் இளைஞன் உயரத்திலிருந்து நீரில் பாய்கிறான். ஓவியம் மூடியின் உட்பக்கத்தில் இருக்கிறது. படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராக. அந்தப் படத்தைப் பார்க்கும் கோணம் ஒருவருக்குத்தான் வாய்த்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இறந்தவர்களுக்காகத்தான் வரைந்தார்கள் போலிருக்கிறது என்றேன். அம்மாவுக்கு இந்த விளக்கம் பெரிதாகப் படவில்லை.

“நாம மட்டும் என்னவாம்? புதுச் சேலை கட்டி, பூ வச்சுத்தானே அனுப்பறோம். நெருப்புக்குத்தானே போகுதுன்னு பழைய சேலையா கட்டுவோம்?” என்றார்.

அருங்காட்சியகத்தில் பார்த்த கருஞ்சிவப்புத் துணி நினைவுக்கு வந்தது. எரித்து முடித்த பிறகு, வெறும் எலும்பை, நாட்டிலேயே விலை உயர்ந்த துணியில் யாரோ சுற்றியிருக்கிறார்கள். அதுவும் பேழைக்குள், கதவுக்குள், மண்ணுக்குள் போகப் போகிறது என்று தெரிந்தே. போகிறவருக்குக் குறை வைக்கக்கூடாது என்பதுதான் காரணம். பார்க்க ஆள் இருக்கிறதா என்ற கணக்கே அதில் இல்லை.

அரியணையில் பெர்செபொனி, வாசலில் நீதிபதிகள்

வெர்கினாவில் 1987இல் அந்த்ரோனிக்கோஸ் இன்னொரு கல்லறையைக் கண்டார். பிலிப்பின் தாய் யூரிடிசியுடையது என்று கருதப்படுவது. உள்ளே ஒரு பளிங்கு அரியணை. அதன் சாய்மானத்தில் மறுபடியும் ஹேடிஸும் பெர்செபொனியும், நான்கு குதிரை பூட்டிய தேரில். ஆனால் இங்கே அவள் கதறவில்லை. அவனுக்குப் பக்கத்தில் அரசியாக நின்று நம்மை நேராகப் பார்க்கிறாள். சின்னக் கல்லறைக்குப் பறித்துச் செல்லப்படும் பெண். வயதான அரசியின் கல்லறைக்குப் பாதாளத்தின் அரசி. ஒரே கதையை, இறந்தவரைப் பார்த்து மாற்றி வரைந்திருக்கிறார்கள். இந்தக் கல்லறை பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை, படங்களில்தான் பார்க்கலாம்.

வெரியாவுக்கு வடக்கே, நௌசா செல்லும் பக்கம், லெஃப்கதியா இருக்கிறது. அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் பாடம் சொன்ன மியெசா இந்த வட்டாரம்தான். இங்கே 1954இல் கிடைத்த ‘தீர்ப்புக் கல்லறை’ இரண்டு மாடி வீடுபோல எட்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. வாசலின் இரு பக்கமும் நான்கு பேர். ஒரு பக்கம் இறந்துபோன போர்வீரரும், அவரை அழைத்துச் செல்ல வந்த ஹெர்மிஸும். மறுபக்கம் பாதாள நீதிபதிகளான அயாகோஸும் ரதமந்திஸும். வாசலைத் தாண்டினால் தீர்ப்பு. வீரரின் முகத்தில் அலட்டல் இல்லை. தம் முறைக்குக் காத்திருப்பவர்போல நிற்கிறார். அருகிலுள்ள இன்னொரு கல்லறையின் கூரையில் நீல நீரில் பூக்களும் இலைகளும் மிதக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் குளத்துக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல இருக்குமாம்.

போக விரும்புவோருக்கு

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இஸ்தான்புல் வழியாகத் தெசலோனிக்கிக்குப் பறக்கலாம். மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். தெசலோனிக்கியிலிருந்து வெரியாவுக்குப் பேருந்து உண்டு. வெரியாவிலிருந்து வெர்கினா சுமார் 12 கிலோமீட்டர். பேருந்திலோ டாக்சியிலோ போகலாம். குடும்பமாகப் போனால் வாடகைக் கார் வசதி. அருங்காட்சியக நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். லெஃப்கதியா கல்லறைகள் எப்போதும் திறந்திருப்பதில்லை. முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

சைவம் உண்போர் கவலைப்பட வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் போனால் கிரேக்க உணவகங்களில் இறைச்சியில்லாத பண்டங்கள் நிறைய கிடைக்கும். தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய வெள்ளை பீன்ஸ் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

வெர்கினாவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பிலிப் கொல்லப்பட்ட அரங்கமும், நெடுநாள் சீரமைப்புக்குப் பின் 2024இல் திறக்கப்பட்ட அரண்மனையும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மேட்டுக்குள் போனதும் எல்லாரும் தங்கத்தை நோக்கித்தான் நடப்பார்கள். நீங்கள் முதலில் சின்னக் கல்லறையின் பிரதியிடம் போங்கள். அந்த நேரத்தில் அங்கே கூட்டம் இருக்காது. பறக்கும் குதிரைகளைப் பார்த்து முடித்த பிறகு, பக்கத்துச் சுவரில் பாறைமேல் உட்கார்ந்திருப்பவளையும் பாருங்கள்.